அன்று அவன் அழவில்லை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எஸ்டேட்டில் எல்லாருக்கும் அது தெரியும். குழாயடியில் முறை மாறி வாளி வைத்தால், ஆட்களை வேலை வாங்கும் மண்டோரின் பெண்டாட்டியாக இருந்தாலும் நேருக்கு நேர் கேட்டுவிடுவேன். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டவளைப் போல இருந்தேன். பேச வேண்டிய நாளில் பேசவில்லை. பிறகு பேசியபோது எனக்காகப் பேசினேன்.

பதினேழு வயதில் எனக்கு வலிப்பு வந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. அசாம் ஜாவாவிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையின் கடைசியில் எங்கள் எஸ்டேட். முதல் தடவை துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் விழுந்தேனாம். 'விழுந்தேனாம்' என்றுதான் என்னால் சொல்ல முடியும். என் வலிப்பை நான் பார்த்ததே இல்லை, ஊர்தான் பார்த்திருக்கிறது. கண் திறந்தபோது கையில் யாரோ சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்திருந்தது. சுற்றி நின்ற பெண்கள் ஓரடி பின்னால் தள்ளி நின்றார்கள். அந்த ஓரடிதான் எனக்கு வலித்தது.

வருவதற்கு முன் வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறும். நாக்கில் இரும்பு ருசி தட்டும். மூன்று மூச்சு விடுகிற நேரம் கிடைக்கும். அதற்குள் உட்கார்ந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. தூங்கி எழுந்தால்கூட நேரம் போனது உடம்புக்குத் தெரியும். இதில் அதுவும் தெரியாது. துணியில் நடுவே ஒரு முழம் வெட்டி எடுத்துவிட்டு இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தைத்த மாதிரி இருக்கும்.

எஸ்டேட் மருந்துக் கொட்டகையில் நோய் பார்ப்பவரை டிரெஸர் என்போம். அவர் என்னைப் பார்த்துவிட்டு அம்மாவை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். அம்மா வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"கிறுகிறுப்பாம். கீர நெறைய திங்கணுமாம்" என்றாள்.

ஒன்றரை வருஷம் கீரை தின்றேன். மாட்டுக்குக்கூட நடுவில் தவிடு கிடைக்கும். வலிப்பு மாதம் ஒரு தடவையோ இரண்டு தடவையோ வந்துகொண்டுதான் இருந்தது. பெரும்பாலும் வீட்டுக்குள்ளே, விடிகிற நேரத்தில் வந்ததால் அம்மா கதவைச் சாத்திவிட்டு மறைத்துவிட்டாள். அந்த டிரெஸர் வேறு எஸ்டேட்டுக்கு மாறிப் போனார். புதிதாக வந்தவருக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. துணி துவைக்கிற கல்லடியில் பார்த்தவர்கள் அதை ஒரு நாள் மயக்கம் என்று மறந்துபோனார்கள்.

அந்தத் தைரியத்தில்தான் அம்மா எனக்கு ஆயாக் கொட்டகையில் வேலை பிடித்துக் கொடுத்தாள். வேலைக்குப் போகும் தாய்மார்கள் விடிவதற்குள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவார்கள். காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதற்குப் பெரட்டு என்று பெயர். அது முடிந்து, ரப்பர் மரம் சீவும் வெட்டுக்காடு போய், மதியம் திரும்பும் வரை பிள்ளைகள் என் பொறுப்பு. அங்கே வேலை பார்ப்பவளுக்கு எந்த வயதானாலும் பெயர் ஆயாதான். பத்தொன்பது வயதில் நான் ஆயா ஆனேன். கல்யாணமே ஆகாமல் ஒன்பது பிள்ளைகள் என்று லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், கிண்டல் பண்ணுவார்கள்.

சிமெண்டுத் தரை, தகரக் கூரை, உத்திரத்தில் வரிசையாகத் துணித் தொட்டில்கள். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது, அதை மறைக்கவில்லை. பிள்ளைகளுக்கு என்னைப் பார்த்து ஓரடி தள்ளி நிற்கத் தெரியாது.

அடுத்த லயத்து அக்கா ஒருத்திக்கு அப்போது ஒன்பது மாதத்தில் ஒரு மகன் இருந்தான். நான்கு வருஷம் கோயில் கோயிலாக நடந்து பெற்ற பிள்ளை. காலையில் என் கையில் கொடுக்கும்போது அவன் தலைக்குப் பின்னால் தன் கையை வைத்திருப்பாள். நான் என் கையை வைத்த பிறகுதான் எடுப்பாள்.

ஒரு நாள் பத்து மணி இருக்கும். எல்லாம் தூங்கிவிட்டன. அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். தொட்டிலில் விடலாம் என்று எழுந்து நின்றேன். நாக்கில் இரும்பு ருசி தட்டியது.

கண் திறந்தபோது என் கன்னம் சிமெண்டில் இருந்தது. பாவாடை நனைந்திருந்தது. ஒரு கை தூரத்தில் அவன் மல்லாந்து கிடந்தான். கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அழவில்லை. அழுது ஓய்ந்தானா, அழவே இல்லையா, தெரியாது. நான் உட்கார்ந்து அவனைக் கீழே விட்டேனா, நின்றபடி போட்டேனா, தெரியாது. மூன்று மூச்சு கிடைத்ததே, அதில் நான் என்ன செய்தேன்? இன்றைக்கும் அந்த மூன்று மூச்சுக்குள் போய்ப் பார்க்க முயல்கிறேன். ஒன்றும் கிடைப்பதில்லை.

காதுக்கு மேலே சிவப்பாக ஒரு திட்டு இருந்தது. அடியா, கொசுக்கடியா என்று தெரியவில்லை. அவனைத் தூக்காமல் மடிக்கு இழுத்துக்கொண்டேன். மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒன்று மட்டும் விழித்துக்கொண்டு கட்டைவிரலைச் சப்பியபடி நின்றிருந்தது.

"தம்பி விழுந்தானா?" என்று கேட்டேன்.

"ம்" என்றது.

"தம்பி படுத்தானா?"

"ம்."

"ஆயா தம்பியக் கீழ படுக்க வச்சேனா?"

"ம்."

எதைக் கேட்டாலும் ம்தான். எனக்கு இருந்த ஒரே சாட்சி அது.

பாவாடையை அலசிக் கட்டிக்கொண்டேன். மதியம் அக்கா வந்தாள். வியர்வையும் மண்ணுமாகக் கையைக் கழுவிவிட்டு அவனை வாங்கினாள். "நல்லா இருந்தானா?" என்று கேட்டாள். தினமும் கேட்பதுதான்.

"நல்லா இருந்தான்க்கா" என்றேன்.

அவ்வளவுதான். நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் புது டிரெஸரிடமாவது தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள். சொல்லவில்லை. பயந்தேன். வேலை போய்விடும் என்று பயந்தேன், ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன், எல்லாவற்றையும்விட அவள் என்னைப் பார்க்கப் போகிற பார்வைக்குப் பயந்தேன். அந்தப் பயத்துக்காக ஒரு பிள்ளையின் தலையைப் பணயம் வைத்தேன். அன்று அவன் பால் குடித்தான், மறுநாள் சிரித்தான். அது என் அதிர்ஷ்டம்.

அதன் பிறகு நான் நின்றுகொண்டு எந்தப் பிள்ளையையும் தூக்கியதில்லை. காலையில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவேன். தாய்மார்களே பிள்ளைகளைத் தொட்டிலில் விட்டுவிட்டுப் போக வேண்டும். "மகாராணி எந்திரிக்க மாட்டாங்களோ?" என்றார்கள். "மகாராணிக்கு இடுப்பு வலி" என்றேன். வாய்தான் இருக்கிறதே.

ஆனால் உள்ளே நான் சரியாக இல்லை. கண்ணை மூடினால் சிமெண்டில் அவன் கண் தெரியும். சோறு இறங்காது. வீட்டுக்கு வந்த பிறகும் ஏதாவது சாக்கு வைத்து அக்கா வீட்டுக்குப் போவேன். அவன் காதுக்குப் பின்னால் கை தட்டிப் பார்ப்பேன், திரும்புகிறானா என்று. விரலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டுவேன், கண் கூடவே வருகிறதா என்று. அவன் தவழ்ந்தது, நின்றது, நடந்தது எல்லாவற்றையும் அவனைப் பெற்றவளுக்கு முன்னால் நான் பார்த்தேன். "என் பிள்ளைய நீயே வச்சுக்கடி" என்று அக்கா சிரிப்பாள். எனக்குக் கல்யாண ஆசை வந்துவிட்டதாக லயத்தில் பேசிக்கொண்டார்கள். அம்மாவும் அதையே நம்பி வரன் பார்க்க ஆரம்பித்தாள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஒன்றரை வயதாகியும் அவன் பேசவில்லை. அவன் வயதுப் பிள்ளைகள் 'ம்மா, த்தா' என்றன. இவன் சும்மா பார்ப்பான். அன்றைக்குச் சிமெண்டில் கிடந்து பார்த்த அதே பார்வை. வலிப்பும் அதிகமானது. வலிப்புக்குப் பயந்து தூக்கம் போனது, தூக்கம் போனதால் வலிப்பு வந்தது. அதை அப்போது சொல்லித்தர ஆள் இல்லை.

அந்தச் சமயத்தில் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி என் சூராட் பெரானாக் கேட்டார், பிறந்த பத்திரம். அது எப்போதும் அம்மாவின் பிஸ்கட் டின்னில் இருக்கும். டின்னைத் திறந்தேன். பத்திரத்துக்கு அடியில் ஒரு கடிதம், பழைய டிரெஸரின் கையெழுத்தில், ஆங்கிலத்தில். மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள் நான். தட்டுத் தடுமாறிப் படித்தேன். இந்தப் பெண்ணுக்கு வலிப்பு. மாத்திரையில் கட்டுப்படும். தயவுசெய்து பார்த்து மருந்து கொடுங்கள். மேலே தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரி என்று எழுதியிருந்தது.

தஞ்சோங் காராங் எங்களுக்கு ஒரு மணி நேர பஸ். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, வாய்க்காலும் வயலுமாகப் போனால் வந்துவிடும். அரிசி வாங்கப் போவோம். படம் பார்க்கப் போவோம்.

அம்மா வேலை முடிந்து வந்ததும் கடிதத்தை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். "ரெண்டரை வருஷமா இத டின்னுல போட்டுப் பூட்டி வச்சிருக்கியே, நீ என்னைப் பெத்தவதானா?" என்று கேட்டேன். அவ்வளவு கேட்டிருக்கக் கூடாது.

அம்மா அப்படியே கீழே உட்கார்ந்தாள். "அந்த ஐயா தஞ்சோங்குக்குக் கூட்டிட்டுப் போவச் சொன்னாரு. தலைக்குப் பாக்குற டாக்டரு அங்கதான் வராராம். நான் எப்பிடிடி உன்ன தஞ்சோங்குக்கு அனுப்புவேன்?"

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. அம்மா பேரா மாநிலத்தில் ஓர் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். எங்கள் பக்கத்தில் தஞ்சோங் என்றால் தஞ்சோங் காராங். அவள் பக்கத்தில் தஞ்சோங் என்றால் தஞ்சோங் ரம்புத்தான்தான். பைத்தியக்காரர்களை வைத்திருக்கிற இடம். அடம்பிடிக்கிற பிள்ளையைக்கூட 'தஞ்சோங்குக்கு ஏத்திருவாங்க' என்று மிரட்டி வளர்த்த ஊர். வந்து இருபது வருஷம் ஆகியும், டிரெஸர் தலை என்றும் தஞ்சோங் என்றும் சேர்த்துச் சொன்னதும் அவள் காதில் பழைய ஊர்தான் விழுந்திருக்கிறது.

"எங்கக்காவ அங்க ஏத்துனாங்க" என்றாள் அம்மா. அவளுக்கு ஒரு அக்கா இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும். "எங்கப்பா ஒரு தடவகூடப் போயிப் பாக்கல. எங்களயும் விடல. அவ பேர வீட்டுல சொல்லக் கூடாது. நீ போயிட்டா உன் பேரயும் அப்பிடித்தான் ஆக்கிருவாங்கன்னு நெனச்சேன்."

"இது காராங்குமா. நம்ம தஞ்சோங் காராங்."

"அந்த ஐயா முழுசாச் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மறுநாள் காலை எனக்கு முன்னால் எழுந்து கிளம்பி நின்றாள். ஒரு பையில் எனக்கு இரண்டு பாவாடை, சவுக்காரம், சீப்பு எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். இன்னும் முழுசாக நம்பவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் காவலுக்கு இருந்தவரிடம் இந்த கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மாத்திரை கொடுத்தார்கள். காலையிலும் இரவிலும், ஒரு வேளைகூட விடக் கூடாது. முதல் மாதம் தலை பாரமாக, எருமை மாதிரி நடந்தேன். ஈறு வீங்கியது. மூன்றாம் மாதம் வலிப்பு நின்றது. அம்மா மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டாள். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். எனக்கு மட்டும் சிமெண்டுத் தரை அப்படியே இருந்தது.

மாதாமாதம் மாத்திரை வாங்கப் போகும்போது ஒரு மலாய் நர்ஸ் அட்டையில் எழுதுவாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவளாக இருப்பாள், பிள்ளைக்காரி. எத்தனை தடவை வந்தது, நாக்கைக் கடித்தாயா என்று கேட்டுவிட்டுக் கடைசியில், "ஹாத்தி மாச்சாம் மானா?" என்பாள். மனசு எப்படி இருக்கிறது என்று அர்த்தம். "பாய்க்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். நன்றாக இருக்கிறது.

ஐந்தாவது மாதமும் அதையே கேட்டாள். என் வாய் தானாகத் திறந்தது. "சாயா ஜாத்தோ. புடாக் புன் ஜாத்தோ." நான் விழுந்தேன், குழந்தையும் விழுந்தது. தமிழில் அதைச் சொல்ல எனக்கு உயிரே போயிருக்கும். மலாயில் எனக்குச் சொந்தக்காரர்கள் இல்லை, லயம் இல்லை, மாரியம்மன் இல்லை. அரைகுறை மலாயில் முழுவதையும் கொட்டினேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். வெளியே வரிசை நின்றது, அவள் எழுந்திருக்கவில்லை. பிள்ளை நடக்கிறானா என்றாள். நடக்கிறான். கூப்பிட்டால் வருகிறானா? வருகிறான். தன் மூத்தவனும் இரண்டரை வயதில்தான் வாயைத் திறந்தான் என்றாள். பிறகு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த மாதமும் கேட்பேன், அடுத்த மாதமும் சொல்ல வேண்டும் என்றாள்.

சொன்னேன். மாதாமாதம் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் திரும்பும்போது வயல் பச்சையாகத் தெரிந்தது. சோறு இறங்கியது. அந்த லேசு எனக்குப் பிடித்துப்போனது. இன்னும் வேண்டும் போல இருந்தது.

அவனுக்கு இரண்டேகால் வயதில் பேச்சு வந்தது. வந்தது என்றால் அடைமழைதான், வாய் மூடவில்லை. நான் தனியாகப் போய் அழுதேன். இனி ஒன்றும் இல்லை, இனி அக்காவிடம் சொல்லிவிடலாம், சொன்னால் மிச்சமிருப்பதும் போய்விடும் என்று நினைத்தேன். யாருக்கு மிச்சம், யாருக்குப் போகும் என்று யோசிக்கவில்லை.

அக்கா வாசலில் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் ஏதோ கதை அளந்துகொண்டிருந்தான். எனக்கு வலிப்பு இருந்ததையும், அன்றைக்கு நடந்ததையும், நல்லா இருந்தான் என்று பொய் சொன்னதையும் ஒரே மூச்சில் சொன்னேன். திட்டுவாள், முடியைப் பிடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் கை நின்றுபோனது. அவன் தலையைத் தன் பக்கம் திருப்பி முடியை விலக்கிப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம்?" என்றாள்.

"வலது காதுக்கு மேலக்கா."

"எவ்வளவு ஒசரத்துலேர்ந்து?"

"தெரியலக்கா."

அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். யாரிடமும் சொல்லவில்லை. அவனை ஏன் ஆயாக் கொட்டகைக்கு விடவில்லை என்று மற்றவர்கள் கேட்டதற்கு, அழுவுறான் என்று சொல்லிவிட்டு மாமியாரிடம் விட்டாள். அன்று சாயங்காலம் படுத்தவள் மறுநாள் அம்மா தட்டி எழுப்பும் வரை தூங்கினேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு கனவில்லாத தூக்கம். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மாத முடிவில் நானே கொட்டகை வேலையை விட்டுவிட்டுச் பாமாயில் செம்பனை நாற்றங்காலுக்குப் போனேன். பிளாஸ்டிக் பையில் மண் அடைக்கிற வேலை, உட்கார்ந்தே செய்யலாம். அங்கிருந்து பார்த்தால் லயத்து வாசல் தெரியும். அக்கா அவனைப் பந்து விளையாட விடமாட்டாள். மரம் ஏற விடமாட்டாள். ஓடி வந்தால் பிடித்து நிறுத்திக் கண்ணுக்கு நேரே விரலை ஆட்டுவாள். பின்னால் போய்க் கை தட்டுவாள். நான் செய்ததெல்லாம் ஒன்றுவிடாமல் அவள் செய்தாள். அவன் தும்மினால் என்னை ஒரு தடவை பார்ப்பாள். கோபமாக இருந்தாலாவது பரவாயில்லை. அது கேள்வி.

அவன் ஒன்றாம் வகுப்புக்குப் போன வருஷம், சம்பளத்துக்கு மறுநாள், நாற்றங்காலுக்கே வந்தாள். ஆள் பாதியாகிவிட்டிருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவன் ரெண்டாம் வாய்ப்பாட்ட மறந்து மறந்து போயிர்றான்" என்றாள்.

"எல்லாப் பிள்ளையும் மறக்கும்க்கா."

"வாத்தியாரும் அதான் சொல்றாரு. நல்லாத்தான் படிக்கிறானாம்." ஒரு பையை எடுத்து மண்ணை அள்ளிப் போட்டாள். "எனக்குத்தான் முடியல. கண்ண மூடுனா அவன் தரையில கெடக்குறான். நான் பாக்கவே இல்ல, எனக்கு எப்பிடித் தெரியுது?"

நான் கையிலிருந்த மண் பையைக் கீழே வைத்தேன்.

"நீ இப்ப நல்லாத் தூங்குறியாமே. அந்த ஆஸ்பத்திரில எனக்கும் ஏதாச்சும் குடுப்பாங்களா?"

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தஞ்சோங் காராங் பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பதிவு எழுதுகிற இடத்தில் இருந்தவர் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, "சாக்கிட் ஆப்பா?" என்று கேட்டார். என்ன நோய் என்று. அக்காவுக்கு மலாய் அவ்வளவாக வராது. என் பக்கம் திரும்பினாள்.

"பிள்ள விழுந்துட்டான்னு சொல்லு" என்றாள்.

சொன்னேன். அவர் பிள்ளை எங்கே என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் என்றேன். எப்போது விழுந்தான் என்று கேட்டார். ஆறு வருஷம் ஆகிறது என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா என் கையைப் பிடித்திருந்தாள்.